செவ்வாய்க்கிழமை அடையாறு

நோராவை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பத்திரிகையில் படம் வந்தவள் இல்லை, மேடையேறிப் பேசியவளும் இல்லை. எங்கள் பெண்கள் கல்லூரியில் பாட்டனி சொல்லிக்கொடுக்கிறாள், சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் எங்கள் கல்லூரியில் இன்று உத்தியோகம் பார்க்கிற ஒவ்வொருத்தியும் வாரத்தில் ஒரு பிற்பகல் நிம்மதியாக மூச்சு விடுகிறாள் என்றால் அதற்கு அவள்தான் காரணம். அவளைக் கேட்டால், "நான் என்ன செஞ்சேன், எல்லாம் அபயம் அக்கா செஞ்சது" என்பாள். அதுவும் வாஸ்தவம்தான். எனக்கு அடக்கமாகப் பேச வராது.

அந்த அபயம் அக்கா நான்தான். அபயாம்பாள், தமிழ் லெக்சரர். சின்ன வயதிலேயே தாலி இழந்தவள். அண்ணா என்னைப் படிக்க வைத்தார்; அதற்குப் பதிலாக மயிலாப்பூரில் அவர் வீட்டுச் சமையற்கட்டை எனக்குச் சாசனம் எழுதி வைத்துவிட்டார். காலையில் பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடுவேன். சாயங்காலம் வந்து மறுபடியும் அடுப்பு மூட்டுவேன். ஆகையால் வேலை என்றால் என்ன என்று யாரும் எனக்கு உபதேசம் பண்ண வேண்டாம்.

இருந்தாலும் நோராவைப் பார்த்தால் எனக்கே மனசு கேட்காது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதே, அப்போது எங்கள் லெக்சரர்களில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போனார்கள். போனவர்களில் பல பேர் திரும்பவே இல்லை. அவர்கள் வேலை மட்டும் எங்கேயும் போகவில்லை, இங்கேயே இருந்தது. அதெல்லாம் யார் தலையில் விடிந்தது? வாயைத் திறந்து 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவள் தலையில். நோரா டெமான்ஸ்ட்ரேட்டர், லெக்சரருக்கு ஒரு படி கீழே. லேபில் செடியும் கத்தியும் கண்ணாடியும் எடுத்து வைப்பவள், படிக்கிற பெண்கள் வரைந்த படத்தையெல்லாம் திருத்துபவள். அது போதாதென்று ஹாஸ்டலில் சாயங்காலப் படிப்பு மேற்பார்வை, கல்லூரி மலருக்குப் புரூஃப் பார்ப்பது, ஆண்டு விழாவுக்குப் பாட்டுச் சொல்லித் தருவது, விமானம் வருகிறதென்று ஏ.ஆர்.பி. அபாயச் சங்கு ஊதினால் எல்லாப் பெண்களையும் பதுங்கு பள்ளத்தில் இறக்குவது! எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பாள். அந்த 'சரிங்க'வைக் கேட்டாலே எனக்கு ஒரு அறை விடலாமா என்று கை துறுதுறுக்கும்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு ஆசை இருந்தது. எம்.எஸ்ஸி. ஆராய்ச்சி. எதைப் பற்றி என்று கேட்டேன். "அடையாத்து முகத்துவாரத்துப் பாசி" என்றாள். பாசி! நம் கிணற்றடியில் வழுக்கி விழுகிறோமே, அதேதான். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற அந்தச் சேற்றில் எந்த மாதத்தில் எந்தப் பாசி வருகிறது, எது போகிறது என்று வாரம் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டுமாம். ஒரு வாரம் விட்டால் தொடர்ச்சி அறுந்துபோகுமாம். நாற்பத்தைந்து கடைசிக்குள் யூனிவர்சிட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் லெக்சரர் ஆகலாம். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆயுசு முழுக்க மற்றவர்களுக்குக் கத்தி எடுத்து வைக்க வேண்டியதுதான்.

அவள் புருஷன் வால்டர் பட்டாளத்தில் வயர்லெஸ்காரன், எகிப்துப் பக்கம் எங்கேயோ இருந்தான். வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை ஜோன். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டது வால்டரின் அக்கா அல்போன்சா. வாரம் முழுக்க நேரமில்லாததால் நோரா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு அடையாற்றுக்குப் பஸ் ஏறிவிடுவாள். இருட்டினால்தான் வீடு.

நாற்பத்து நாலு செப்டம்பரில் ஒரு ஞாயிறு. கொட்டோ கொட்டென்று மழை. ஆற்றில் இறங்க முடியாது என்று நோரா வீட்டிலேயே இருந்துவிட்டாள். குழந்தைக்குத் தலைவாரி, அதோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டதும் ஜோன் உள்ளே போய் அந்தப் பையையும் குடையையும் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்ததாம். "நேரமாச்சும்மா, போயிட்டு வாங்க" என்றதாம். வந்த விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி!

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லும்போது நோரா அழவில்லை. நான்தான் அழுதேன்.

"முடிவு பண்ணிட்டேன் அக்கா. ஆராய்ச்சி வேணாம். யூனிவர்சிட்டிக்கு எழுதிடப்போறேன்" என்றாள்.

"ஏண்டி, விடறதுக்கு ஒனக்கு அதுதான் அகப்பட்டதா? ஹாஸ்டலை விடேன், மலரை விடேன், அந்தப் பாட்டுக் கச்சேரியை விடேன்!"

"அதெல்லாம் காலேஜ் வேலை அக்கா. இது என் சொந்த வேலைதானே. சொந்த வேலையைத்தான் விட முடியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கு நடத்திய வகுப்பில் பெண்கள் எல்லாம் வாயைத் திறக்கவே பயந்தார்கள்.

எங்கள் கல்லூரியின் டைம்டேபிளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காகிதம் கிடைக்காத காலம் என்பதால் அதை ஒரு பெரிய கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதி வராந்தாவில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசை. கட்டத்தில் எழுத்து இருந்தால் அவளுக்கு வேலை. கட்டம் காலியாக இருந்தால் அவள் 'சும்மா' இருக்கிறாள் என்று அர்த்தம். யாராவது லீவு போட்டால் பியூன் குலாம் முகம்மது அந்தப் பலகையைப் பார்ப்பார், யார் கட்டம் காலியோ அவளிடம் சீட்டை நீட்டுவார். போய் அந்த வகுப்பை மேய்க்க வேண்டும். நோராவுக்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் முழுக்கக் காலி. தன் ஆராய்ச்சிக்கென்று அவள் பிரின்ஸிபாலிடம் கெஞ்சி வாங்கிய பிற்பகல் அது. ஆனால் ஆராய்ச்சி சொந்த வேலை, அதைக் கல்லூரிப் பலகையில் எழுதக்கூடாது என்று வெறுமனே விட்டு வைத்திருந்தாள், புண்ணியவதி. அந்தப் பிற்பகலில் அவள் ஒரு செவ்வாய்கூட ஆற்றுக்குப் போனதில்லை. சீட்டு வந்துவிடும். "சரிங்க" என்று போய்விடுவாள்.

அந்த வாரமே ஹெட் கிளார்க் ராமானுஜம் காபி குடிக்கப் போன சமயமாகப் பார்த்து நான் சாக்குக்கட்டியை எடுத்தேன். நோராவின் செவ்வாய்க் கட்டங்களில் 'அடையாறு, ஆராய்ச்சி' என்று இங்கிலீஷில் எழுதுவதாக உத்தேசம். 'அடையாறு' முடிந்தது. அதற்குள் மணி அடித்து வகுப்புகள் விட்டு, கூட்டம் வந்துவிட்டது. சாக்குக்கட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல நடந்துவிட்டேன்.

அந்த அரைகுறை எழுத்து பண்ணின வேலையைக் கேளுங்கள். ராமானுஜம் பார்த்தார், பிரின்ஸிபால் எழுதச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அந்த அம்மாளைப் போய்க் கேட்க அவருக்குத் தைரியம் ஏது? பிரின்ஸிபால் பார்த்திருந்தால் ராமானுஜம் எழுதியதென்று நினைத்திருப்பார். நோராவோ, தன் கஷ்டம் தெரிந்து பிரின்ஸிபாலே எழுதிவிட்டார் என்று கண்ணில் நீர் வர நம்பினாள். நான் எழுதினேன் என்று தெரிந்தால் அந்தப் பிற்பகலை அவள் தொடவே மாட்டாள். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சீட்டோடு குலாம் முகம்மது ஸ்டாஃப் ரூமுக்குள் தலையை நீட்டினார்.

"நோராம்மா அடையாறுல கீறாங்கமா. நீங்கதான் சும்மா கீறீங்க. இந்தாங்க, பி.ஏ. கிளாஸு."

பலனை நான்தானே அனுபவிக்க வேண்டும்! செவ்வாய்தோறும் என் தலையில் சீட்டு விழுந்தது. ஒரு நாள் பாட்டனி வகுப்புக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். தாமரையைப் பற்றி எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் நோரா செவ்வாய்ப் பகல் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாள். மூன்று மாதத்தில் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே லேபைப் பெருக்குவாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க அப்படி ஒரு கர்வம்!

கர்வம் கிறிஸ்மஸ் வரைக்கும்தான்.

சாந்தோமில் கிறிஸ்மஸ் என்றால் வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் பலகாரத் தட்டு போகும். ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து நோரா கல்கல் செய்திருந்தாள். முதல் தட்டை யாருக்குக் கொடுப்பாள்? பிரின்ஸிபாலுக்கு! குழந்தைக்குப் புதுக் கவுன் போட்டு, தட்டை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு அவர் பங்களாவுக்கே போய், "எனக்கு அடையாறு கொடுத்தீங்களே, அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

பிரின்ஸிபால் ஒரு கல்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நான் கொடுத்தேனா?" என்று கேட்டாராம்.

அங்கிருந்து நேரே ரிக்‌ஷா பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணா பெண்டாட்டி, மன்னி, வாசலில் நிற்கிறாள், நான் மாவுக் கையோடு ஓடி வருகிறேன்.

"அக்கா, அதை யார் எழுதினது?"

"நான்தான். இப்ப என்ன?"

"என்னைத் திருடியாக்கிட்டீங்களே அக்கா! கர்த்தர் பிறந்த அன்னைக்கு அவங்க முன்னால நான் திருடி மாதிரி நின்னேனே!"

"திருடினது நீயா? ஒன்னோட ஞாயித்துக்கிழமையை, ஒன் கொழந்தையோட சாப்பாட்டு வேளையை எல்லாம் எடுத்துண்டவா யாரு? அதுல ஒரு மத்தியானத்தைத் திருப்பி எடுத்துண்டா திருட்டா?"

"கேட்டு வாங்கியிருக்கலாமே அக்கா."

"நீ கேக்கப் போறியா? ஒனக்குத்தான் 'சரிங்க' தவிர வேற வார்த்தையே தெரியாதே!"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஜோனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உள்ளே வந்தால், "யாருடி அது? நல்ல நாளும் அதுவுமா அழுதுண்டு போறா" என்று மன்னி துருவ ஆரம்பித்தாள். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

கல்லூரி திறந்ததும் இரண்டு பேருக்கும் அழைப்பு வந்தது. எங்கள் பிரின்ஸிபால் மிஸ் ஹார்வுட் ஸ்காட்லாந்துக்காரர். ஆறடி உயரம், ஒட்டின கன்னம், சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததே நான்தான், அதனால் புத்தகம் மாதிரிதான் பேசுவார்.

"அடையாறு என்பது எந்த வகுப்பு? அதன் மாணவியர் யாவர்?"

நோரா முந்திக்கொண்டாள். "மாணவி நான் மட்டும்தான். தப்பு என்னோடது."

"எழுதினது நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது" என்றேன். வேலை போனாலும் போகலாம். போனால் என் கதி? நாள் முழுக்க அந்த அடுப்படி. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "பலகையில் காலிக் கட்டத்தைக் கண்டால் எல்லாரும் ஓடிவந்து சாப்பிடுகிறார்கள், அதனால் நிரப்பி வைத்தேன்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மிஸ் ஹார்வுட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வருகிற செவ்வாய்க்கிழமை அந்த வகுப்புக்கு நானும் வருகிறேன். தாங்களும் வாருங்கள். பிறகு முடிவு சொல்லுகிறேன்."

செவ்வாய்க்கிழமை பிரின்ஸிபாலின் காரில் முன்னால் டிரைவர், பின்னால் அவர், நான், நோரா, நோரா மடியில் ஜோன். பாலம் வந்ததும் இறங்கிக் கரையோடு நடந்தோம். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்! நோரா செருப்பைக் கழற்றி வைத்தாள், புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகினாள், சேற்றுக்குள் இறங்கினாள். பிரின்ஸிபாலும் ஷூவோடு அவள் பின்னால் இறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் வலது ஷூவைச் சேறு விழுங்கிவிட்டது. ஐயோ, நான் சிரித்துவிடக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். மனுஷி ஒற்றைக் காலில் தடுமாறிக் கரைக்கு வந்து, ஜோன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நோரா எங்களை மறந்தே போனாள். குனிகிறாள், சேற்றிலிருந்து பச்சை நூல் மாதிரி ஏதோ ஒன்றை எடுக்கிறாள், வெயிலில் தூக்கிப் பார்க்கிறாள், தனக்குத்தானே சிரிக்கிறாள், கண்ணாடிக் குப்பியில் போடுகிறாள். பாட்டு வேறு. கல்லூரியில் சுவரோரமாக நடக்கிறவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஜோன் ஈர மண்ணில் இட்லி செய்துகொண்டிருந்தது. பிரின்ஸிபால் அதனிடம், "குழந்தாய், உன் அன்னை அங்கே என்ன செய்கிறாள்?" என்று கேட்டார்.

ஜோன் நிமிர்ந்து பார்த்தது. "அம்மா விளையாடுறாங்க."

போச்சு! கல்லூரி நேரத்தில் விளையாடுகிறாள் என்று பெற்ற குழந்தையே சாட்சி சொல்லிவிட்டதே!

"தினந்தோறும் விளையாடுவாளா?"

"வீட்ல விளையாட மாட்டாங்க. காலேஜ்லயும் மாட்டாங்களாம். இங்க வந்தாத்தான் விளையாடுவாங்க. அப்புறம் எனக்கு வேர்க்கடலை வாங்கித் தருவாங்க."

மிஸ் ஹார்வுட் இடது ஷூவையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, நோராவையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நோரா கரையேறி வந்து குப்பியை நீட்டினாள். இது போன மாதம் இல்லை, தண்ணீரில் உப்புக் கூடினதும் வந்திருக்கிறது, அதோ அந்த ஓரத்தில் இருந்தது மறைந்துவிட்டது என்று மளமளவென்று சொன்னாள். ஒரு 'சரிங்க' கூட இல்லை. பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் தன் புடவை முழங்காலுக்கு மேல் இருப்பது ஞாபகம் வந்து இழுத்து விட்டுக்கொண்டாள். பிரின்ஸிபால் எல்லாருக்குமாக வேர்க்கடலை வாங்கினார். முடிவு என்ன என்று மட்டும் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலையில் போனால் வராந்தாவில் கூட்டம். ராமானுஜம் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறார், கையில் தூரிகை, பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் டப்பா. நோராவின் செவ்வாய்க் கட்டங்களில் இருந்த என் சாக்கெழுத்தின் மேலேயே பெயின்டால் 'அடையாறு' என்று எழுதிக்கொண்டிருந்தார். பிரின்ஸிபால் கீழே நின்று எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஸ்டூலை நகர்த்தி என் வரிசையிலும் வியாழக்கிழமை பிற்பகலில் அதையே எழுதச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு எதற்கு? நான் அடையாற்றில் போய் என்ன பண்ணுவேன்?"

"அதை நான் கேட்கவில்லையே" என்றார் மிஸ் ஹார்வுட்.

நோரா என் கையைப் பிடித்து அழுத்தினாள். கிறிஸ்மஸுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்பத்தைந்து கடைசியில், கெடு முடிவதற்கு முன்னாலேயே அவள் ஆராய்ச்சியைக் கொடுத்துவிட்டாள். மறு வருஷம் பட்டம் வந்தது, லெக்சரர் வேலையும் வந்தது. வால்டரும் உசிரோடு திரும்பி வந்தான், மாதாவுக்கு ஸ்தோத்திரம். நோரா என்ன செய்தாள் தெரியுமா? நேரே பிரின்ஸிபாலிடம் போய் நின்றாள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "என் வேலை முடிஞ்சு போச்சுங்க. செவ்வாய்க்கிழமையைத் திருப்பிக் கொடுத்துடறேன், அழிச்சிடச் சொல்லுங்க" என்றாளாம்!

அப்போது மிஸ் ஹார்வுட் ஊருக்குப் போவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டாராம்: "வேலை முடிந்தது, சரி. விளையாட்டு முடிந்ததா?"

நோரா வாழ்க்கையில் முதல் தடவையாக, "இல்லைங்க" என்றாள்.

பெயின்ட் அழிக்கப்படவில்லை. இப்போது நோராதான் பாட்டனிக்குத் தலைமை, டைம்டேபிள் போடுவதும் அவள் பொறுப்பு. வருஷா வருஷம் ஜூன் மாதம் பலகையில் முதலில் அவள் நிரப்புவது ஒவ்வொருத்தியின் அடையாற்றைத்தான். பாடங்களெல்லாம் அதற்கப்புறம் வந்து ஒண்டிக்கொள்ள வேண்டும். கணக்குச் சொல்லித்தருகிற ரத்னாவுக்கும் அடையாறு உண்டு. அவள் அந்தப் பிற்பகலில் தூங்குகிறாள் என்று கேள்வி. என் வியாழக்கிழமையில் நான் ஒரு நாளும் பாலம் தாண்டியதில்லை. சாந்தோம் கடற்கரையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு உட்கார்ந்திருக்கிறேன். "அடையாத்துல அப்படி என்னதான் கிளாஸோ?" என்று மன்னி இன்றைக்கும் முணுமுணுக்கிறாள். ரொம்ப முக்கியமான கிளாஸ் மன்னி, லேட்டாத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை ஏதோ மீட்டிங் என்று நோரா கிளம்பத் தாமதமாகிவிட்டது. ஜோனுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டுவிட்டதாம், கல்லூரிக்கே வந்துவிட்டது. ஒரு கையில் அம்மாவின் பழைய பை, இன்னொரு கையில் குடை. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "நேரமாச்சும்மா, வாங்க போலாம்" என்றது. நோரா கையிலிருந்த காகிதத்தை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.